பின்கண்ணாடியில் உன் கையெழுத்து

இன்று மதியம் வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தேன். ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. புது வண்டிக்கென்று ஒரு வாசம் உண்டு, தோலும் ரப்பரும் கலந்த மாதிரி. அது இந்த வண்டியில் பத்து நாள்தான் தாங்கியது. பதினோராம் நாள் பச்சைக்காய் மூட்டை ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு கம்பம் மேட்டிலிருந்து இறங்கினேன். காயை உலர்த்தக் கொடுப்பதற்கு முன்னால் உத்தமபாளையத்தில் ஒரு பத்திர வேலையை முடித்துவிடலாம் என்று போய், வண்டியை வெயிலில் பூட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நம் பழைய ஜீப்பாக இருந்தால் படுதா வழியே காற்று போய் வரும். இது பூட்டிய பெட்டி. காய் வியர்த்து, சாக்கு நனைந்து, டிக்கி விரிப்பு முழுக்க ஊறிப்போயிற்று. முப்பது வருசம் காயோடு பிழைத்தவள் செய்கிற காரியமா இது?

நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். சர்வீசுக்கு விட்ட இடத்தில் ஒரு வாசனை டப்பாவைக் கொடுத்து, ஏசிக்கு முன்னால் மாட்டினால் இந்த நாற்றம் போய்விடும் என்றார்கள். நாற்றமாம். அந்த டப்பாவை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் சேலையிலும் தலைமுடியிலும் சோற்றுத்தூக்கிலும் இருந்த வாசம் இது. எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் போகாது என்று நீயே சலித்துக்கொண்டது.

நீ போய் மூன்று வருசம் ஆகிறது. எழுதி உனக்குக் கிடைக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டியைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் பேசியாயிற்று, அதில் பாதிக்கு மேல் சண்டை. உன் ஒருத்தியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

பதினாறடி நீளம். காயாத ஏலக்காயின் பச்சை நிறம். டிக்கி வைத்த பெரிய கார். இந்தப் பக்கம் கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லோரும் உயரமாக, வெள்ளையாக, மலையேறுகிற மாதிரி ஒரு வண்டியை வாங்குகிறார்கள். நான் தரையோடு தரையாகப் போகிற இதை வாங்கியதும் ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். மேட்டு ரோட்டுக்கு இது ஆகாது, வயிறு தட்டும், வளைவில் திரும்பாது என்றார்கள். ஒற்றைப் பொம்பளைக்கு இவ்வளவு நீள வண்டி எதற்கு என்று கேட்டவரும் உண்டு. அவர் வீட்டில் ஐந்து பேருக்கு மூன்று வண்டி நிற்கிறது. அதை நான் கேட்கவில்லை.

தேனியில் கடைக்குப் போன அன்று நான் முதலில் ஏறியது பின் சீட்டில். காலை நீட்டிப் பார்த்தேன். எனக்கு எட்டியது. ஆனால் அளவு எனக்கில்லை. நீ என்னைவிட ஒரு சாண் உயரம். முட்டிக்கு முன்னால் இன்னும் ஒரு சாண் இடம் இருக்கிறதா என்று கையை வைத்து அளந்தேன். விற்கிற பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, டிரைவர் வைத்து ஓட்டப் போகிறீர்களா மேடம் என்று மரியாதையாகக் கேட்டான். டிரைவரே நான்தான் என்றேன். பிறகு அவன் பெருமையாக ஒரு பொத்தானை அமுக்கி மேல்கூரையைத் திறந்து காட்டினான். இருபது வருசம் படுதாவில் ஓட்டை விழாமல் தைத்துத் தைத்து ஓட்டியவளிடம், கூரையில் ஓட்டை வைத்ததற்குத் தனியாக விலை சொல்கிறான். அது இல்லாத வண்டியாகக் கொடு என்று வாங்கி வந்தேன்.

ஏன் நீளம் என்று கேட்டவர்களிடம் நான் காரணம் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். உன்னைத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அந்தக் காலை. ஜீப்பின் முன் சீட் சாயாது. பின் பலகை உன் நீளத்துக்குக் காணாது. முட்டியை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தாய். வீரபாண்டிப் பக்கம் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். நீ வலியைப் பற்றிச் சொல்லவில்லை.

"அடுத்து ஒரு வண்டி வாங்குனா, காலை நீட்டுற மாதிரி வாங்கு புள்ள. இம்புட்டு வருசமா மடக்கியே வச்சிருந்தாச்சு."

அடுத்த மாதம் நீ இல்லை. வண்டி வர மூன்று வருசம் ஆனதற்கு என்னைத் திட்டாதே. மழை பொய்த்தது ஒரு வருசம், காய் விலை படுத்தது ஒரு வருசம்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் மானம் போயிற்று. பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும் என்றார்கள். அமுக்கினேன். சத்தமே இல்லை. கிளம்பவில்லை போல என்று மறுபடி அமுக்கினேன், ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. இப்படியே நாலு தடவை. நம் ஜீப் கிளம்பினால் மூன்று தெருவுக்குக் கேட்கும், கோழிகள் ஓடும். இது கிளம்பியதை உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதைவிட மோசம் கிளச். இந்த வண்டியில் கிளச்சே கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள். மண்டைக்கு ஏறியது, காலுக்கு ஏறவில்லை. உத்தமபாளையம் புறவழியில் முன்னால் போன வாழைத்தார் லாரி வேகத்தைக் குறைத்ததும், என் இடது கால் பழக்கத்தில் கிளச்சை மிதிக்கப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. முழு மிதி. வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் என் டிக்கிக்கு முழங்கை தூரத்தில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, யாரு உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது என்று கத்தினார். தப்பு என்மேல்தான், ஒத்துக்கொண்டேன். ஆனால் அவர் பொம்பளைகளே இப்படித்தான் என்று ஆரம்பித்ததும் நானும் இறங்கிவிட்டேன். கம்பம் மேட்டில் மூடுபனியில் எதிரே லாரி வர, ஜீப்பைப் பின்னாலேயே ஒரு வளைவு முழுக்க இறக்கியிருக்கிறீர்களா, இறக்கியிருந்தால் பேசுங்கள் என்றேன். அவர் வேனில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இடது காலை மடக்கி சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் அது எதையோ தேடுகிறது. என்ன தேடுகிறது என்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தக் காலத்து ஜீப்பில் ஆள் கணக்கு கிடையாது, ஏறின வரைக்கும்தான். விடியும் முன்னால் கம்பத்தில் ஏறினால், மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இறங்கும்போது கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நீ எப்போதும் முதல் ஆளாக வந்து, டிரைவருக்கு நேர் பின்னால் இரண்டு ஆள் இடத்தைத் தூக்குவாளியை வைத்துப் பிடித்து வைத்திருப்பாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. கல்யாணமாகி நாலு வருசத்தில் தாலியை இழந்து, பிள்ளையும் இல்லாமல் கூலிக்கு ஏறிய எனக்கு, அந்த விடியற்காலையில் யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன்னிடம் சொன்னதில்லை. நீ புருசன் வேண்டாம் என்று வருசநாட்டிலிருந்து தனியாக வந்து குடியேறியவள். நீயும் அதை என்னிடம் பெரிதாகச் சொன்னதில்லை.

அந்த இடத்திலிருந்து முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் டிரைவரின் கால் தெரியும். நான் அதையே பார்த்துக்கொண்டு வருவேன். அவர் கிளச்சை மிதித்தால் என் இடது காலும் மிதிக்கும். எனக்கே தெரியாமல் நடந்த காரியம் அது. தெரிந்தது உனக்குத்தான், ஏனென்றால் நான் மிதித்ததெல்லாம் உன் பாதத்தை. இரண்டு வருசம் மிதி வாங்கியிருக்கிறாய், காலை நகர்த்தவுமில்லை, நகர்த்த இடமும் இல்லை.

ஒரு நாள் பாதி மலையில் டிரைவருக்குத் தலைசுற்றல் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே ஸ்டீரிங்கில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்துப் பக்கத்துப் பாறையில் உட்கார வைத்தோம். மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. அன்றைய கூலி போயிற்று என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்.

"இவ ஓட்டுவா. ரெண்டு வருசமா என் காலை மிதிச்சு மிதிச்சுத்தான் பழகியிருக்கா."

சிரித்தார்கள். பிறகு நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். பிள்ளைகுட்டிக்காரிகள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடந்தே வருகிறோம் என்றார்கள். டிரைவரும் ஒரு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அவருடைய வண்டியில் ஏற அவருக்கே பயம். நீ மட்டும் முன் சீட்டில் ஏறி, சேலையை இழுத்துச் செருகி, சாமி கும்பிடக்கூட இல்லாமல் உட்கார்ந்தாய். முதல் கியரிலேயே, மாட்டு வண்டி வேகத்தில், மேடு வரைக்கும் ஏற்றினேன். என்னைப் பார்த்துக்கொண்டிராமல் நீ கண்ணாடிப் பக்கம் திரும்பி, பனி படிந்த கண்ணாடியில் விரலால் உன் பெயரை எழுதிக்கொண்டு வந்தாய். அப்போதுதான் எழுதப் படித்திருந்தாய். கண்ணாடி கண்ட இடமெல்லாம் எழுதுவாய். முதல் எழுத்து சின்னதாக இருக்கும், போகப்போகப் பெரிதாகி, கடைசி எழுத்து மேலே ஏறிப்போய்விடும்.

ஜீப்பின் சொந்தக்காரருக்கு விஷயம் தெரிந்து, பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் எவள் ஏறுவாள் என்று கேட்டார். மறுநாள் காலையில் நடந்து வந்த அத்தனை பேரையும் நீ வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்திருந்தாய். இவள் ஓட்டினால் ஏறுகிறோம், இல்லாவிட்டால் வேறு ஜீப்பைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்களைச் சொல்ல வைத்தாய். என்ன சொல்லி மசிய வைத்தாய் என்று கடைசி வரை எனக்குச் சொல்லவே இல்லை. என் அண்ணன்தான் குதித்தான். பொம்பளை ஜீப் ஓட்டினால் ஊரே சிரிக்கும் என்றான். நான் அழுதுகொண்டு வந்து உன்னிடம் சொன்னேன்.

"சிரிக்கட்டும் புள்ள. பல்லு அவுகளது."

அதற்கப்புறம் எத்தனை வருசம். நான் ஓட்டினேன், நீ பின்னால் நின்றாய். வளைவில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் குதித்து இறங்கி, தகரத்தில் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. பின்னால் அதலபாதாளம் இருந்தாலும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. சொந்த ஜீப் வந்தது, இரண்டாவது வந்தது, மேட்டுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்குத் தோட்டம் வந்தது. நீ காய் எடுக்கப் போவதை விடவில்லை. சொந்த ஜீப்தானே, முன்னால் உட்கார் என்று நான் சொன்னால், முன்னால் உட்கார்ந்தால் யார் தட்டுவது என்பாய்.

இந்த வண்டியில் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். பின்னால் எடுத்தால் திரையில் படம் தெரிகிறது, ஏதாவது பக்கத்தில் வந்தால் பீப் பீப் என்று கத்துகிறது. குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் நம் பக்கத்து வளைவில் பின்னால் புல் ஆடினாலும் கத்துகிறது. அதற்கு எது மலை, எது புல் என்று தெரியவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டேன்.

வேறு என்னென்ன மாற்றினேன் என்று கேட்பாய். ஹாரனை மாற்றினேன். அதோடு வந்தது பூனை கத்துகிற மாதிரி இருந்தது, மேட்டு வளைவில் எதிரே வருகிறவனுக்கு அது எங்கே கேட்கப் போகிறது? நம் பழைய ஜீப்பின் ஹாரனைக் கழற்றி மாட்டச் சொன்னேன். தேனியில் மெக்கானிக் இந்த வண்டிக்குப் போய் இதுவா என்று தலையில் கை வைத்தார். மாட்டிவிட்டார். இப்போது பார்க்க மணப்பெண் மாதிரி இருக்கிற வண்டி, வாயைத் திறந்தால் சந்தைக்காரி. வயிற்றுக்கடியில் கனத்த தகடு போட்டிருக்கிறேன். வேகத்தடையில் நேராக ஏற்றினால் தட்டும், கோணலாக ஏற்றினால் தட்டாது. வளைவில் வெளிப்பக்கமாக எடுத்துத் திருப்பினால் மேட்டு ரோட்டில் எங்கும் ஒரு தடவையில் திரும்புகிறது. ஆகாது என்று சொன்னவர்களில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன். அவர் இறங்கும்போது சீட் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஒன்றில் மட்டும் தோற்றேன். நம் வீட்டுச் சந்துக்குள் இது நுழையாது. வாங்கும்போது பின் சீட்டை அளந்தேனே தவிர, சந்தை அளக்கவில்லை. சந்து முனையில் இருக்கிற மில்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். இவ்வளவு பெரிய வண்டி வாங்கியும் நடந்துதான் போகிறாள் என்று பேசுகிறார்கள். பேசட்டும், பல் அவர்களுடையது.

இனிதான் உன் விஷயம். நம் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் பின்கண்ணாடியில் பெயர் எழுதாமல் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் பெயர், அப்பா அம்மா பெயர், குலசாமி பெயர். போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தே எந்த ஊர், எந்த வகையறா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஸ்டிக்கர் கடையில் பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கம்மா என்றார்கள். நான் நம் குழு நோட்டை நீட்டினேன். நம் பெண்கள் குழுவில் நீ கையெழுத்துப் போட்ட பக்கம். இதை இப்படியே பெரிதாக்கி ஒட்டுங்கள் என்றேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்து கோணலாக இருக்கிறதே, கம்ப்யூட்டரில் நேராக்கிவிடவா என்று கேட்டார். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், ஒரு கோட்டைக்கூட நகர்த்தாதீர்கள் என்றேன். இப்போது முதல் எழுத்து இடது ஓரத்தில் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. கடைசி எழுத்து கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொடுகிறது.

பத்து நாளில் அண்ணன் வந்தான். அவன் மகனுக்குக் கல்யாணம், உத்தமபாளையத்தில் மண்டபம். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் வண்டி வேண்டும் என்றான். எனக்குச் சந்தோசம்தான், மறைப்பானேன். அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் நான். அப்புறம்தான் மெதுவாக ஆரம்பித்தான். வண்டியை மதினியின் தம்பி ஓட்டட்டும், நீ மண்டபத்தில் உட்கார்ந்துகொள் என்றான். தாலி இல்லாதவள் மணமக்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டக் கூடாது என்பதை அவன் வாயால் சொல்லவில்லை. பிறகு வண்டியைச் சுற்றி வந்து பின்கண்ணாடியைப் பார்த்தான்.

"நீ உன் மருமகன் பேரைப் போடுவேன்னு நெனச்சேன். இதை எடுத்துரு. இல்ல, அன்னைக்கு மட்டும் பூவை வச்சு மறைச்சிருவோம்."

எடுக்க மாட்டேன், மறைக்கவும் மாட்டேன் என்றேன். ஓட்டுவதும் நான்தான் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. சம்பந்தி வீட்டுக்காரவுக எல்லாம் கேட்பாக, நான் என்ன சொல்ல என்றான். அடுத்து அவன் கேட்டதுதான் இன்றைக்கு வரை என் காதில் இருக்கிறது.

"அவ உனக்கு என்ன முறை?"

நீ எந்தத் தெருக்காரி என்பதை அவன் சொல்லவில்லை. அவனுக்கு மறக்கவும் இல்லை. முப்பது வருசத்தில் என் வீட்டில் நீ சாப்பிட்ட தட்டைப் பார்த்திருக்கிறான், ஒரு தடவைகூட அவன் வீட்டு வாசலைத் தாண்டி உன்னை வா என்றதில்லை. அந்த ஒரு கேள்விக்குள் அவ்வளவும் இருந்தது. அக்கா என்றோ தங்கச்சி என்றோ ஒரு முறையைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நான் உன்னை மறைத்த மாதிரி ஆகியிருக்கும்.

"முறை ஒண்ணும் இல்ல அண்ணே. சேக்காளி. நீங்க எல்லாரும் இறங்கி நடந்தப்ப, அவ ஒருத்திதான் என் வண்டில ஏறுனா."

நான் எப்போது இறங்கினேன், நான் அந்த ஜீப்பிலேயே இல்லையே என்றான். அதைத்தான் சொல்கிறேன் என்றேன். எடுக்காவிட்டால் வண்டியும் வேண்டாம், நீயும் வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கென்று ரத்த சொந்தம் மிச்சமிருப்பது அவன் ஒருவன். வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிளேடால் ஒரு ஓரத்தைச் சுரண்டினால் ஐந்து நிமிசத்தில் வந்துவிடும் என்றுகூட ஒரு தடவை யோசித்தேன். மில்லுக்கு முன்னால் போய் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி எழுத்து அவ்வளவு உயரத்தில் போய் நிற்கிறதைப் பார்த்ததும் அந்த யோசனை போய்விட்டது.

கல்யாணத்துக்குப் போனேன். வரவேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தால், மருமகன் கல்யாணத்துக்குப் போக எனக்கும் உரிமை இருக்கிறது. வண்டியைக் கழுவித் துடைத்து, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, நானே ஓட்டிப் போனேன். மண்டபத்து வாசலில் முன்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டித்தான் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். நான் பின்னாலேயே எடுத்து, நுழைகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்கண்ணாடி தெரிகிற மாதிரி நிறுத்தினேன். எல்லாம் அவனுக்குச் சொன்ன பதில்தான். ஊர்வலத்துக்கு ஒரு வெள்ளை வண்டி வாடகைக்கு வந்திருந்தது. மதினி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மருமகன் மேடையிலிருந்து என்னைக் கண்டதும் சிரித்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

சாப்பிட்டு வெளியே வந்தபோது சம்பந்தி வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அங்கே நின்றான். பெரியவர் ஒருவர் நல்ல வண்டியா வாங்கியிருக்காக, யாரு வண்டி இது என்று பொதுவாகக் கேட்டார். அண்ணன் வேறு பக்கம் பார்த்தான். நான் உன் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் படித்துவிட்டு, ஆமா எழுதியிருக்கே என்றார். நீங்க அவுகளுக்கு என்ன வேணும் என்று கேட்டார். டிரைவர் என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் அன்றிலிருந்து பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. என்றைக்காவது பேசுவான் என்று நினைக்கிறேன். பேசினால் பேசுவேன், பெயரை எடுக்க மாட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தோட்டத்துக்குக் கிளம்பினேன். கம்பத்தில் ஜீப்கள் நிற்கிற இடத்தில் காய் எடுக்கிற பெண்கள் நாலு பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். அவர்களுடைய ஜீப் பழுதாகி வரவில்லை, இன்றைய கூலி போயிற்று என்றார்கள். ஏறுங்கள் என்றேன். அவர்கள் தங்கள் சேலையைப் பார்த்தார்கள், சீட்டைப் பார்த்தார்கள்.

"சீட்டெல்லாம் கறையாயிரும்மா."

ஆகட்டும் என்றேன். ஏறினார்கள். ஒருத்தி முன்னால், மூவர் பின்னால். அவ்வளவு இடம் இருந்தும் மூவரும் முட்டியை மடக்கி, வாளியை மடியில் வைத்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம். காலை நீட்டுங்கத்தா என்றேன். கேட்கவில்லை. இரண்டு வளைவு தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் இருந்தவள் முதலில் ஒரு காலை நீட்டினாள், பிறகு அடுத்ததை. அவளைப் பார்த்து மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் மூவரும் வாயைத் திறந்து தூங்கிவிட்டார்கள். எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. பனி என்று சொல்லிக்கொண்டேன்.

மேட்டைத் தாண்டி அவர்கள் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். இறங்கி, வாளியை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக இறங்கியவள் கதவைச் சாத்திவிட்டு வண்டிக்குப் பின்னால் வந்தாள். ஜீப் பழக்கம், வேறொன்றும் நினைத்திருக்க மாட்டாள். உன் பெயருக்குக் கீழே, பளபளக்கிற டிக்கியின் மேல், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சீட்டுக்கடியில் மடக்கி வைத்திருந்த இடது காலை எடுத்து நீட்டினேன். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.